அட்டையைக் காட்டுங்கள், வீட்டைக் காட்டாதீர்கள்

பல வாரக் காத்திருப்புக்குப் பிறகு பொட்டலம் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் உங்கள் போக்கிமோன் அட்டை. மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் '10' என்ற மதிப்பெண். மகிழ்ச்சி தாங்கவில்லை. சாப்பாட்டு மேசையிலேயே வைத்துத் திறன்பேசியில் ஒரு படம் எடுக்கிறீர்கள். அடுத்த நிமிடமே அது இணையத்தில் ஏறிவிடுகிறது. நண்பர்களின் பாராட்டு குவிகிறது.

இப்போது அதே படத்தை ஒரு துப்பறிவாளரைப் போல மறுபடியும் பாருங்கள். மேசையின் ஓரத்தில் கிழித்துப் போட்ட பொட்டலத் தாளில் அப்பாவின் பெயரும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடும் தெரிகின்றன. ஜன்னலுக்கு வெளியே எதிர் புளோக்கின் எண். நாற்காலியில் தொங்கும் பையில் பள்ளிச் சின்னம். அருகே வீட்டுச் சாவிக்கொத்து. அட்டையின் விலை என்ன, அது எந்த வீட்டில் இருக்கிறது, அந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறார் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் ஒரே படம் பதில் சொல்லிவிட்டது.

சேகரிப்பது நல்ல பொழுதுபோக்கு. பகிர்வதிலும் தவறில்லை. ஆனால் ஒரு படத்திலிருந்து எவ்வளவு தகவல் கசியும் என்பதற்குப் பின்னால் ஒளியியல், கணிதம், கணினியியல் எல்லாம் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால், எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் எண்

போக்கிமோன் அட்டை விளையாட்டு 1996இல் ஜப்பானில் தொடங்கியது. இன்று பலர் அட்டைகளை விளையாட வாங்குவதில்லை. சேமித்து வைக்கவே வாங்குகிறார்கள். ஓர் அட்டை உண்மையானதா, எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதைச் சோதித்து மதிப்பெண் தரும் நிறுவனங்கள் உள்ளன. அவற்றுள் நன்கு அறியப்பட்ட ஒன்று 1991இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பிஎஸ்ஏ. அட்டையின் முனைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் தருவார்கள். பிறகு அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து, உடைக்காமல் திறக்க முடியாதபடி மூடிவிடுவார்கள். சேகரிப்பாளர்கள் இதை 'ஸ்லாப்' என்பார்கள்.

மதிப்பெண் விலையை எப்படி ஏற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1990களின் இறுதியில் ஜப்பானிய இதழ் ஒன்று நடத்திய ஓவியப் போட்டிகளில் வென்றவர்களுக்குப் 'பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர்' என்ற அட்டை பரிசளிக்கப்பட்டது. உலகில் அது சில பத்து மட்டுமே உண்டு. பிஎஸ்ஏ 10 மதிப்பெண் பெற்ற ஒன்றை, 2021இல் 5.275 மில்லியன் அமெரிக்க டாலர் மதிப்பில் அமெரிக்க யூடியூபர் லோகன் பால் வாங்கினார்.

உங்கள் அட்டை அந்த விலைக்குப் போகாது. ஆனால் அதனோடு அதற்கு ஒரு பொதுவான அம்சம் உண்டு. ஸ்லாபின் சீட்டில் ஒரு சான்றிதழ் எண் இருக்கும். அதே எண் வேறெந்த அட்டைக்கும் தரப்படுவதில்லை. அந்த எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டினால், அது எந்த அட்டை, என்ன மதிப்பெண், அதே மதிப்பெண்ணில் இன்னும் எத்தனை அட்டைகள் உள்ளன என்பதெல்லாம் வந்துவிடும். வாங்குபவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

படத்தைப் பார்க்கும் அந்நியருக்கும் அதே எண் பயன்படுகிறது. அந்த அட்டை முன்பு ஏலத்தில் விற்கப்பட்டிருந்தால், ஏலப் படத்திலும் அதே எண் இருக்கும். எப்போது, என்ன விலைக்குப் போனது என்று கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் ஓரிடத்தில் புனைபெயரிலும், விற்பனைத் தளத்தில் சொந்தப் பெயரிலும் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் ஒரே சான்றிதழ் எண் தெரிந்தால், இரண்டு கணக்கும் ஒருவருடையதுதான் என்று புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது.

33 கேள்விகள் போதும்

மனத்தில் ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொல்லி, 'ஆம்', 'இல்லை' என்ற பதில்களை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டை விளையாடியிருப்பீர்கள். நன்றாகத் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு கேள்வியும் மீதமுள்ளவர்களைப் பாதியாகக் குறைக்கும். இந்த அளவைத்தான் தகவலியலில் ஒரு 'பிட்' என்கிறோம்.

ஓர் ஊரில் 1,024 பேர் இருந்தால், அவர்களுள் ஒருவரைக் கண்டுபிடிக்கப் பத்துக் கேள்விகள் போதும். ஏனெனில் 2-ஐ பத்து முறை பெருக்கினால் 1,024. சிங்கப்பூரின் மக்கள்தொகை சுமார் 6 மில்லியன். இங்கு ஒருவரைத் தனியாகப் பிரித்தறிய 23 பிட் போதும். மலேசியாவில் சுமார் 34 மில்லியன் பேர். அங்கே 26 பிட். உலகில் 8 பில்லியனுக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். அவர்களுள் ஒருவரைக் குறிக்க வெறும் 33 பிட் போதும்! 2-ஐ 33 முறை பெருக்கிப் பாருங்கள், 8,589,934,592 வரும்.

இதை அட்டைக்குப் பொருத்துவோம். உங்களிடம் உள்ள அட்டை, 10 மதிப்பெண்ணில் உலகிலேயே 32 மட்டும்தான் உள்ளது என்று கொள்வோம். அதை வைத்திருப்பவர்கள் அதிகபட்சம் 32 பேர். 32 என்பது 2-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது. அப்படியென்றால் அட்டையைக் காட்டியதுமே 33 பிட்டில் 28 பிட் போய்விட்டது. மீதம் ஐந்தே ஐந்து கேள்விகள். படத்தின் பின்னணியில் எம்ஆர்டி நிலையப் பெயர்ப் பலகை தெரிந்தால் அந்த ஐந்தும் முடிந்துவிடக்கூடும். அட்டை எவ்வளவு அரியதோ, அதை வைத்திருப்பவரும் அவ்வளவு எளிதில் அடையாளம் காணப்படுவார்.

சாதாரணமாகத் தோன்றும் தகவல்கள் சேரும்போது என்ன ஆகும் என்பதை அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லட்டானியா ஸ்வீனி 2000இல் காட்டினார். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்பது அவரது கணிப்பு. இந்த மூன்றில் பெயரோ தொலைபேசி எண்ணோ இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரில் நிலைமை இன்னும் நுட்பமானது. மலேசியாவின் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஒரு வட்டாரத்தைக் குறிக்கும். சிங்கப்பூரின் ஆறு இலக்கக் குறியீடோ பெரும்பாலும் ஒரே ஒரு கட்டடத்தைக் குறிக்கும். அதோடு மாடி எண்ணும் வீட்டு எண்ணும் சேர்ந்தால் உங்கள் கதவுக்கே வந்து நிற்கலாம்.

படத்துக்குள் எழுதப்பட்ட குறிப்பு

திறன்பேசியில் எடுக்கும் படக் கோப்பில் படம் மட்டும் இருப்பதில்லை. எடுத்த தேதி, நேரம், கருவியின் மாதிரி போன்ற குறிப்புகளும் சேர்ந்தே பதிவாகின்றன. இதற்கு 'எக்ஸிஃப்' என்று பெயர். இருப்பிடச் சேவையைப் படக்கருவிச் செயலிக்கு அனுமதித்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்கூட அதில் எழுதப்படும்.

இதனால் மாட்டிக்கொண்டவர்களுள் ஒருவர் ஜான் மெக்காஃபி. கணினிக் கிருமிகளைத் தடுக்கும் மென்பொருளால் உலகப் புகழ்பெற்றவர். 2012இல் அவர் பெலிஸ் நாட்டுக் காவல்துறையிடமிருந்து தப்பி மறைந்திருந்தார். அவரைச் சந்தித்த இதழ் ஒன்று படம் ஒன்றை வெளியிட்டது. அந்தக் கோப்பில் இருந்த ஆயத்தொலைகள், அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டன. சில நாள்களில் அவர் அங்கே பிடிபட்டார். கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டிருந்தவரின் கதை இது.

பல சமூக ஊடகங்கள் படத்தை வெளியிடும்போது இந்தக் குறிப்புகளை நீக்கிவிடுகின்றன. ஆனால் மின்னஞ்சலில் மூலக் கோப்பை இணைத்தாலோ, செய்திச் செயலியில் 'ஆவணமாக' அனுப்பினாலோ, இணையச் சேமிப்பகத்தின் இணைப்பைக் கொடுத்தாலோ அவை அப்படியே போகக்கூடும். "தெளிவான படம் வேண்டும், மூலக் கோப்பை அனுப்புங்கள்" என்று அட்டையை வாங்க வருபவர் கேட்பது வழக்கம். அந்த நேரத்தில்தான் கவனம் தேவை.

ஸ்லாப் ஒரு கண்ணாடி

பளபளப்பான பிளாஸ்டிக் மேற்பரப்பில் ஒளி நேராக விழும்போது ஏறத்தாழ 4 விழுக்காடு திரும்பி வரும். சாய்வாக விழும்போது இன்னும் அதிகம். 4 விழுக்காடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் வெளியே நல்ல வெயில், அறைக்குள் மங்கலான வெளிச்சம் என்றால், ஜன்னலின் பிரதிபலிப்பு ஸ்லாபின் மேல் தெளிவாகவே விழும். உங்கள் முகம், சுவரில் மாட்டிய குடும்பப் படம், எதிர் புளோக் எல்லாம் அதில் தெரியலாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க யாருக்கு நேரம் என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் இளம்பாடகி ஒருவரைப் பின்தொடர்ந்து சென்று தாக்கியதாக 2019இல் ஓர் ஆடவர் கைதானார். அவர் அந்தப் பெண்ணின் தற்படத்தில், கண்மணியில் பிரதிபலித்த ரயில் நிலையக் காட்சியைப் பெரிதாக்கி, இணைய வரைபடத்தின் தெருப் படங்களோடு ஒப்பிட்டு, எந்த நிலையம் என்று கண்டுபிடித்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. கண்மணியோடு ஒப்பிட்டால் ஸ்லாப் எவ்வளவு பெரிய கண்ணாடி!

மேசையில் கிடக்கும் சாவியும் ஆபத்துதான். 2008இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், சாவியின் படத்திலிருந்தே அதன் பற்களின் உயரங்களைக் கணக்கிட்டு மாற்றுச் சாவிக்கான அளவுகளைப் பெற்றுக் காட்டினர். ஏறக்குறைய 60 மீட்டர் தூரத்திலிருந்து தொலைநோக்கி வழியாக எடுத்த படமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நல்ல செய்தி என்னவென்றால், பிரதிபலிப்பைத் தடுக்கும் வழிகள் உங்கள் படத்தையும் அழகாக்கும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். அட்டையை ஒரே நிறத் துணியின் மேல் வையுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்வாக வையுங்கள். திறன்பேசிக்குப் பின்னால் கறுப்புத் துணியோ அட்டையோ பிடித்தால் ஸ்லாபில் பிரதிபலிக்க எதுவும் இருக்காது. அட்டையின் நிறங்களும் பளிச்சென்று தெரியும்.

மறைத்தாலும் மறையாதவை

முகவரியைத் திறன்பேசியின் பேனாக் கருவியால் கிறுக்கி மறைத்தால் போதுமா? சில பேனாக்கள் பாதி ஒளி ஊடுருவும் தன்மை கொண்டவை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்துகள் தெரிந்துவிடும்.

கட்டம் கட்டமாக மங்கலாக்குவதும் முழுப் பாதுகாப்பு அன்று. மங்கலாக்குவது தகவலைக் குறைக்கிறது, முழுவதும் அழிப்பதில்லை. 2016இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தையும் கார்னெல் டெக்கையும் சேர்ந்த ஆய்வாளர்கள், இப்படி மங்கலாக்கப்பட்ட முகங்களையும் எழுத்துகளையும்கூடக் கணினியைப் பழக்கி அடையாளம் காண வைக்கலாம் என்று காட்டினர். சான்றிதழ் எண்ணில் இருப்பவை 0 முதல் 9 வரையிலான பத்து வடிவங்கள்தாம். அவற்றை ஊகிப்பது முகத்தை ஊகிப்பதைவிட எளிது.

வெட்டிவிட்ட பகுதிகூடத் திரும்பி வந்த கதை உண்டு. கூகல் பிக்சல் திறன்பேசிகளின் படத் திருத்தக் கருவியில் இருந்த குறை ஒன்று 2023 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. படத்தை வெட்டிச் சேமித்தால், சிறிய புதிய கோப்பு பெரிய பழைய கோப்பின் மேல் எழுதப்பட்டது. ஆனால் பழையதன் வால்பகுதி அழிக்கப்படவில்லை. வெண்பலகையில் இருக்கும் நீண்ட வாக்கியத்தைத் துடைக்காமல், அதன் மேல் சிறிய வாக்கியம் எழுதுவதைப் போன்றது இது. பழைய வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் அப்படியே நிற்குமே! வெட்டிய பகுதியின் பெரும்பங்கை அந்த மீதத்திலிருந்து மீட்க முடிந்தது. குறை பின்னர் சரிசெய்யப்பட்டாலும், அதற்கு முன் பகிரப்பட்ட படங்கள் பகிரப்பட்டவைதாம்.

ஆகவே, கணினியில் மறைப்பதைவிட படம் எடுக்கும் முன்பே மறைப்பது மேல். எண்ணின் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்துவிட்டுப் படம் எடுங்கள். படக்கருவி பார்க்காததை யாராலும் மீட்க முடியாது.

உங்கள் எண், வேறொருவரின் போலி

எண்ணை மறைக்க இன்னொரு காரணமும் உண்டு. மோசடிக்காரர்கள் இணையத்தில் கிடைக்கும் உண்மையான சான்றிதழ் எண்களை எடுத்து, போலிச் சீட்டில் அச்சிட்டு, போலி அட்டையோடு ஸ்லாபில் அடைத்து விற்கிறார்கள். வாங்குபவர் எண்ணைத் தட்டிப் பார்க்கிறார். அது உண்மையான எண்தான். அட்டையின் பெயரும் மதிப்பெண்ணும் பொருந்துகின்றன. நம்பிப் பணம் கொடுத்துவிடுகிறார். வேறொருவரின் கார் எண் பலகையைத் திருட்டுக் காரில் மாட்டியதைப் போன்ற ஏமாற்று வேலை இது.

பாதுகாப்பு அறிவியலின் முக்கியமான பாடம் ஒன்று இங்கே இருக்கிறது. அடையாளம் வேறு, நிரூபணம் வேறு. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அடையாள அட்டை எண்கள் குறித்துப் பெரிய விவாதம் எழுந்தபோது அரசாங்கம் விளக்கியதும் இதுதான். ஓர் எண், ஒருவர் யார் என்பதைக் குறிக்கலாம்; ஆனால் அவர்தாம் இவர் என்று நிரூபிக்கும் மறைச்சொல்லாக அதைப் பயன்படுத்தக் கூடாது. எல்லாருக்கும் தெரியக்கூடிய ஒன்று எதையும் நிரூபிக்காது.

எனவே அட்டை வாங்கும்போது எண் பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். நிறுவனத்தின் தளத்தில் அந்த அட்டையின் படம் இருந்தால், கையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அச்சுப் புள்ளிகள், படம் ஒருபக்கம் நகர்ந்திருக்கும் அளவு, நுண்ணிய கீறல் ஆகியவை ஒவ்வோர் அட்டைக்கும் வேறுபடும். அவற்றைப் போலி செய்வது எண்ணைப் போலி செய்வதைவிட மிகக் கடினம்.

விற்பவராக இருந்தால் ஒரு சிக்கல் வரும். எண்ணைக் காட்டாவிட்டால் வாங்குபவர் சந்தேகப்படுவார். அது நியாயமே. பொதுப் பதிவில் எண்ணை மறைத்துவிட்டு, உண்மையாகவே வாங்க விரும்புபவரிடம் மட்டும் தனிச் செய்தியில் சொல்லலாம். அட்டை உங்களிடம் இருப்பதைக் காட்ட, அன்றைய தேதியையும் உங்கள் பயனர் பெயரையும் தாளில் எழுதி, அட்டையோடு வைத்துப் படம் எடுக்கலாம். வேறொருவர் உங்கள் படத்தைத் திருடித் தம்முடையது என்று விற்பதையும் இது தடுக்கும்.

பகிர்வதற்கு முன்

• முழுச் சேகரிப்பையும் ஒரே படத்தில் காட்ட வேண்டாம். எந்த அலமாரியில், எந்த அறையில் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டாம்.

• படக்கருவிச் செயலிக்கு இருப்பிட அனுமதியை அணைத்து வையுங்கள்.

• பொட்டலத் தாளைப் படத்தில் விடாதீர்கள். எழுத்தை மறைத்தாலும் பட்டைக்குறியைக் கருவியால் படிக்க முடியும். குப்பையில் போடும் முன் துண்டு துண்டாகக் கிழித்துவிடுங்கள்.

• குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கும்போது படங்களைப் போடாதீர்கள். "வீட்டில் யாரும் இல்லை" என்று அறிவிப்பதற்குச் சமம். திரும்பி வந்த பிறகு போட்டாலும் படம் அழகாகவே இருக்கும்.

• விளையாட்டுக்கு ஒரு பயனர் பெயர், விற்பனைக்கு வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு மறைச்சொற்கள் இருக்கட்டும்.

• அட்டையை நேரில் கைமாற்ற வேண்டுமானால் பெற்றோருடன், ஆள்நடமாட்டம் உள்ள பொது இடத்துக்குச் செல்லுங்கள். வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள்.

• பணம் அனுப்புவதாகச் சொல்லி இணைப்பு அனுப்பி, வங்கி விவரத்தையோ ஒருமுறை மறைச்சொல்லையோ கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் பெறுவதற்கு மறைச்சொல் தேவையில்லை.

ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். மோசடி என்று சந்தேகம் வந்தால் சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997 என்ற எண்ணை அழைக்கலாம். பணம் கைமாறியிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

செய்து பாருங்கள்

உங்கள் திறன்பேசியில் பழைய படம் ஒன்றைத் திறந்து அதன் விவரப் பக்கத்தைப் பாருங்கள். இருப்பிடம் பதிவாகியிருக்கிறதா? பதிவாகியிருந்தால், அட்சரேகை எத்தனை தசம இடங்கள் வரை இருக்கிறது என்று எண்ணுங்கள்.

ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அதிலிருந்து கணக்கிடலாம். 1.3 என்று மட்டும் இருந்தால் அது 11 கிலோமீட்டர் அளவிலான குறிப்பு. சிங்கப்பூரில் எங்கோ என்று மட்டும் சொல்லலாம். 1.35 என்றால் 1.1 கிலோமீட்டர், ஒரு பேட்டை. 1.352 என்றால் 111 மீட்டர், சில புளோக்குகள். 1.3521 என்றால் 11 மீட்டர், ஒரே கட்டடம். ஐந்தாவது தசம இடமும் இருந்தால் சுமார் ஒரு மீட்டர். திறந்தவெளியில் திறன்பேசியின் ஜிபிஎஸ் பொதுவாக 5 மீட்டர் வரைதான் துல்லியமானது. ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க அதுவே போதும்.

பிறகு ஒரு சிறு போட்டி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எடுத்த ஒரு படத்தை உங்கள் தம்பியிடமோ அக்காவிடமோ கொடுத்து, இதிலிருந்து நம்மைப் பற்றி எத்தனை செய்திகளைக் கண்டுபிடிக்க முடிகிறது என்று கேளுங்கள். ஐந்துக்கு மேல் வந்தால், அந்தப் படம் குடும்பத் தொகுப்பிலேயே இருக்கட்டும். இணையத்துக்குக் கறுப்புத் துணியின் மேல் வைத்து வேறொரு படம் எடுங்கள்.